பூட்டும் வாயிலும்

திருமலைத் தரிசனச் சீட்டை இன்று பலர் இணையத்தில் பெறுகின்றனர். இவ்வழக்கம் பெருகியதும், தேவஸ்தானத்தின் தளத்தைப் போன்ற போலித் தளங்கள் முளைத்தன. படமும் வண்ணமும் ஒன்றே. முகவரியின் ஈறு மட்டும் வேறு. உண்மைத் தளம் ‘கவ்.இன்’ என முடியும். அரசின் ஒப்புதலின்றி அவ்வீற்றை எவரும் பெற இயலாது. 2023ஆம் ஆண்டில் தேவஸ்தானம் காவல்துறையிடம் முறையிட்டபோது, கண்டறியப்பட்ட போலித் தளங்கள் ஏறத்தாழ 40.

வங்கிகளுக்கும் இவ்விடர் உண்டு. வங்கித் தள முகவரிகள் ‘பேங்க்.இன்’ என முடிதல் வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2025இல் பணித்தது. இதனால் வாடிக்கையாளருக்குக் கூடுதல் வேலை எதுவுமில்லை. ஈற்றைப் பார்த்தாலே போதும்.

பூட்டுகளைப் பெருக்கினால் திருடன் அஞ்சுவான். ஆனால் வீட்டுக்காரரும் வாயிலிலேயே நிற்க நேரும். சித்தூர்ப் பேருந்து நிலையத்தில் தேநீர் அருந்துபவர் பத்து ரூபாய் கொடுக்கப் பத்துக் கேள்விகளுக்கு விடையளிப்பாரா? ஆகவேதான் ‘யூபிஐ லைட்’ முறையில் சிறு தொகைக்கு இரகசிய எண் கேட்கப்படுவதில்லை, பெருந்தொகைக்குக் கேட்கப்படும். யூபிஐயில் புதிதாகப் பதிவு செய்பவர் முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப இயலாது. நேர்மையானவருக்கு இஃது ஒருநாள் காத்திருப்பு. பிறர் கணக்கைத் தன் கைப்பேசியில் திறந்த கள்வனுக்கோ பெருந்தடை.

எனினும், கணக்குக்கு உரியவரே திறவுகோலைக் கொடுத்துவிட்டால் பூட்டு என் செய்யும்? இங்குதான் உங்கள் பங்கு வருகிறது. நம் வீடுகளில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாத்தாவும் பாட்டியும் இருப்பர். வங்கியின் குறுஞ்செய்தியோ தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ வரும். அதைப் படித்துச் சொல்பவர் நீங்களே. ஆறு இலக்க எண்ணை மட்டும் படித்துவிட்டு, ‘இதனை எவரிடமும் கூறாதீர்’ என்னும் வரியை விட்டுவிடுவது எளிது. அழைத்தவர் வங்கி அலுவலர் என்றே சொல்வார். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை. ‘பணம் வரும், எண்ணை இடுங்கள்’ என்பது பொய்.

பணம் பறிபோனால் உடனே வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவித்தல் வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிப்படி, இரகசிய எண்ணைத் தாமே பகிர்ந்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். அதன்பின் நேர்வது வங்கியைச் சாரும். வசைக்கு அஞ்சித் தாத்தா மறைக்கும் ஒவ்வொரு மணியும் அவர் கணக்கிலேயே கழியும்.

சொற்பொருள்: ஈறு – முடிவு, இடர் – துன்பம், வசை – பழிச்சொல்.

பயிற்சி: உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கு வந்த வங்கிக் குறுஞ்செய்தி ஒன்றை, எண்களை நீக்கி, பாட்டிக்குப் புரியும் தமிழில் முழுமையாக எழுதுக.