பழைய கார்பைனின் வயதைக் கண்டறிவது எப்படி?

மாணவர்களே, அவசரகாலத்தில் (1948–1960) மலாயாக் காடுகளில் படைவீரர்கள் ஏந்திய லீ-என்ஃபீல்டு 5ஆம் எண் கார்பைனை அருங்காட்சியகத்தில் கண்டால் உற்றுப் பாருங்கள். குழல் முனையில் தீப்பொறியை மறைக்கும் புனல். தோளில் பதியும் இடத்தில் ரப்பர் திண்டு. உடற்பகுதியின் இடப்பக்கம் ‘3/45’ என்றிருந்தால், அது 1945 மார்ச்சில் செய்யப்பட்டது.

வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். 4ஆம் எண் துப்பாக்கியை வெட்டிக் குறுக்கிய போலிகளும் உண்டு. அசலில் எடை குறைய, குழலின் அடியில் உலோகத்தைச் செதுக்கியிருப்பார்கள்.

மொத்தத்தில் 4.1 கிலோ எடை 3.2 ஆனது. உந்தம் மாறவில்லை எனக் கொண்டால், பின்னுதைப்பின் வேகம் கால் பங்குக்கு மேல் கூடும். ரப்பர் திண்டு ஏன் என்று இப்போது புரிகிறதா?

எங்காவது பழைய துப்பாக்கி கிடைத்தால் தொடாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். உடனே காவல் நிலையத்தில் தெரிவியுங்கள்.