நீலக் கோடு

அன்புள்ள தங்கைக்கு,

நாட்டா தேர்வை நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சித்தி சொன்னார். மகிழ்ச்சி. கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க் சேர்வதற்கு முன் எந்த மென்பொருளைப் பழக வேண்டும், எந்த லேப்டாப் வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். ஐந்தாண்டுப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் நான், முதல் நாளே யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு பயிற்சிக்காக ஓர் அலுவலகத்தில் இருந்தேன். சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கான வேலை. சர்வேயர் கொடுத்த வரைபடத்தில், மனையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு நீலக் கோடு ஓடியது. “பழைய வாய்க்கால். இப்போ தண்ணி வர்றதில்ல. எடுத்துடும்மா” என்றார்கள். எடுத்துவிட்டேன். ஒரே ஒரு விசையைத் தட்டியதும் கோடு போய்விட்டது. அந்த இடத்தில் கார் நிறுத்தம் கச்சிதமாகப் பொருந்தியது. எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம் அளவெடுக்க அங்கே போனேன். மனையைச் சுற்றி மதில் எழும்பியிருந்தது. உள்ளே, நான் திரையில் அழித்த அதே கோடு, அதே சாய்வில், செந்நிறத் தண்ணீராகத் தரையில் கிடந்தது. மதில் மறித்த தண்ணீர் பக்கத்து ஓட்டு வீடுகளுக்குள் திரும்பியிருந்தது. ஓர் அம்மா வாசலில் உட்கார்ந்து வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே அலுவலகத்தில் சொன்னேன். அனுமதி வாங்கியாயிற்று என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் பேசவில்லை. கோட்டை எடுக்கச் சொன்னவர்கள் வேறு சிலர். எடுத்த கை என்னுடையது, பேசாமல் இருந்ததும் நான்தான்.

அதன் பிறகுதான் நிலத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கல்லூரியில் சேர்ந்ததும் நீயும் இதைத்தான் முதலில் கற்க வேண்டும். ஒரு மனை கைக்கு வந்தால் பட்டாவோடு நின்றுவிடாதே. அதன் புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பார். நஞ்சையா, புஞ்சையா, வாய்க்கால் புறம்போக்கா, ஏரி உள்வாயா என்று அதில் இருக்கும். அடுத்து ஊர்ப் பெயரைப் படி. பழவந்தாங்கல் என்ற பெயரில் இருக்கும் தாங்கல் ஒரு நீர்நிலை. திருவல்லிக்கேணி அல்லிக் கேணியால் பெயர் பெற்ற ஊர். தியாகராய நகர் 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வற்றவைத்து உருவானது. ஏரி போய்விட்டது. ஆனாலும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது; நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடு இருக்கிறது. கரை போன பிறகும் கரையின் பெயர் மட்டும் காவலுக்கு நிற்கிறது.

பிறகு ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். அதன்மேல் 100 மி.மீ. மழை பெய்தால் 22,300 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் ஏறக்குறைய இரண்டு. மனை மண்ணாக இருந்தால் ஒரு பங்கு உள்ளே இறங்கும். சுவரிலிருந்து சுவர்வரை கான்கிரீட்டும் பேவர் பிளாக்கும் போட்டால் அநேகமாக முழுவதும் தெருவுக்குப் போகும். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வரைபடத்தில் சேகரிப்புக் குழியைக் காட்டுவது எளிது. மண் தண்ணீரைக் குடிக்க இடம் விட்டிருக்கிறோமா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தெருவுக்குப் போகும் தண்ணீர் எங்கே போகிறது? நம் ஊர் ஏரிகள் தனித்தனியாக வெட்டப்பட்டவை அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகுதி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலை அடைகிறது. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் எனும் உலகச் சதுப்புநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைக் கிடங்காலும் சாலைகளாலும் கட்டடங்களாலும் நிரம்பிவிட்டது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது வானத்தை மட்டும் குறை சொல்லிவிட முடியவில்லை. ஒவ்வொரு தடுப்புக்கும் எங்கோ ஒரு வரைபடம் இருந்திருக்கும். அதை வரைந்த ஒருவரும் இருந்திருப்பார்.

ஏரிப் பாசனத்தில் தண்ணீரை முதலில் பெறும் மேல்மடைக்காரர் அதை மறித்தால் கீழ்மடைக்காரர் வயல் காயும். கண்டபடி திறந்துவிட்டால் மூழ்கும். ஆகவே மேல்மடைக்காரரின் சுதந்திரத்துக்கு ஊரில் ஓர் எல்லை இருந்தது. நம் தொழிலின் அறத்தை நான் இங்கிருந்துதான் புரிந்துகொள்கிறேன். கட்டணம் கொடுப்பவர் நம் எதிரே உட்கார்ந்திருப்பார். கீழ்மடைக்காரர் அந்த அறையில் இருக்கமாட்டார். அவருக்காகப் பேச அங்கே இருப்பது நாம் மட்டுமே.

பேசினால் வேலை போய்விடாதா என்று நீ கேட்பாய். போகலாம். ஆனால் பேசிக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவிடம் சிகிரியாப் பாறைக்கு அருகில் ஒரு ஹோட்டல் கட்டித்தரக் கேட்டார்கள். அவர் அந்த இடம் வேண்டாம் என்று சொல்லி, தள்ளியிருந்த கண்டலமக் குளத்தின் மேலே ஒரு பாறைச் சரிவைக் காட்டினார். 1994இல் முடிந்த அந்தக் கட்டடம் பாறையை ஒட்டி வளைந்து போகிறது. தூண்கள்மேல் நிற்பதால் மழைநீர் அதன் கீழே தன் வழியில் ஓடுகிறது. இன்று செடிகொடிகள் அதை மூடியிருக்கின்றன. ‘இங்கே வேண்டாம், அங்கே கட்டலாம்’ என்று சொன்னதுதான் அந்த வடிவமைப்பின் முதல் கோடு என்று நான் நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்றுதான் நம் கட்டணத்தைப் பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். செலவைக் குறைத்தால் நம் வருமானமும் குறையும். இந்தச் சிக்கலை யாரும் வகுப்பில் உரக்கச் சொல்வதில்லை. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் செலவைக் குறைத்தே கட்டினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவே வெற்றிடம் விட்டு அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு சுமார் கால்பங்குச் செங்கல்லை மிச்சப்படுத்துகிறது. வெயிலும் அவ்வளவாக உள்ளே ஏறுவதில்லை. அங்கே வளர்ச்சி ஆய்வு மையத்தில் அவர் மரங்களை வெட்டாமல், மேட்டின் போக்கிலேயே சுவர்களை வளைத்திருப்பதைக் காணலாம். ஒருநாள் நேரில் போய்ப் பார்.

படிப்பு முடிந்ததும் 1972ஆம் ஆண்டுக் கட்டடக்கலைஞர் சட்டத்தின் கீழ் உன் பெயரைப் பதிவு செய்வார்கள். அதன் கீழ் 1989இல் வந்த நடத்தை விதிகளில், நம் தொழில் சுற்றுச்சூழலின் தரத்துக்கும் வருங்காலச் சமூகத்தின் நலனுக்கும் முரணாக இருக்கக் கூடாது என்று இருக்கிறது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்யாதே. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்ததை நினைத்துக்கொண்டு படி. அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலைசெய்த கட்டடத் தொழிலாளர்கள். எந்த விளம்பரத் தாளிலும் அவர்கள் படம் வந்ததில்லை. நம் கையெழுத்தின் எடையை அவர்கள்தான் தாங்குகிறார்கள்.

என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு அந்த வாய்க்காலையே எடுத்திருக்கிறேன். மேல் ஏரியின் கலங்கலிலிருந்து கீழ் ஏரிவரை நடந்து அளந்துவருகிறேன். சில இடங்களில் அது சாக்கடை, சில இடங்களில் கடைவாசல், அந்த மனையில் கார் நிறுத்தம். வாளியால் தண்ணீர் இறைத்த அம்மாவின் வீட்டு வாசல்மட்டத்தையும் அளந்து குறித்திருக்கிறேன். வரைபடம் முடிந்ததும், நான் பேசாமல் வந்த அந்த அலுவலகத்துக்கு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போவேன்.

நீ இப்போதைக்கு ஒன்று செய். அடுத்த மழைக்குக் குடையோடு நம் தெருவில் இறங்கி நட. தண்ணீர் எங்கே பிறக்கிறது, எங்கே திரும்புகிறது, யார் வீட்டு வாசலில் தேங்குகிறது என்று ஒரு நோட்டில் வரைந்து எனக்கு அனுப்பு. பென்சில் போதும். தண்ணீர் போகும் வழியை மட்டும் நீலத்தில் போடு.

அன்புடன்,
உன் அக்கா