கொதிக்கு முன், கொதிக்குப் பின்

திருவனந்தபுரம்

அன்புள்ள மருமகனுக்கும், அவனைப் போல பியர் காய்ச்சும் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும்,

முந்தாநாள் ராத்திரி பெங்களூரிலிருந்து நீ பேசியதில் பாதி அழுகைதான். வடிக்கும்போது தொட்டி அடைத்துக்கொண்டது, ஈஸ்ட் போட்டு எட்டு மணி நேரமாகியும் ஒரு குமிழி இல்லை என்றாய். "நம்ம வீட்டு அடுக்களையிலேயே பத்து லிட்டர் போட்டுப் பழகியிருக்கலாமே மாமா" என்றும் கேட்டாய். கூடாது மக்களே. உரிமம் இல்லாமல் மது காய்ச்சினால் கேரள அப்காரி சட்டப்படி பத்து ஆண்டு வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம். உரிமம் உள்ள இடத்தில் சம்பளமும் வாங்கிக்கொண்டு நீ பழகுகிறாய். அழாதே.

ஒன்றை மட்டும் மனதில் வை: கொதிக்கு முன் நிதானம், கொதிக்குப் பின் வேகம்.

அடைப்பு கொதிக்கு முன் வருவது, திருத்திவிடலாம். மால்ட்டை நைசாக அரைத்திருப்பாய். அதன் உமிதான் நமக்கு வடிகட்டி. அது பொடிந்தால் தொட்டியில் களிதான் மிஞ்சும். குழாயை மூடு. அடியிலிருந்து கொஞ்சம் வெந்நீர் ஏற்றித் தளர்த்து. கால் மணி நேரம் படியவிட்டு, குழாயை நூலிழை போலத் திற. அடுத்த தடவை கழுவிய நெல் உமி இரண்டு கை சேர்த்துக்கொள்.

வடிப்பதற்கு முன் இன்னொரு வேலை. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு மால்ட் நீர், பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின். தட்டைச் சாய்த்து இரண்டையும் சேரவிடு. நாவல்பழம் போலக் கறுத்தால் மாவு இன்னும் சர்க்கரையாகவில்லை. மரச்சீனிக் கிழங்கை வெட்டி அயோடின் விட்டாலும் இதே நிறம்தான். 65 டிகிரியை விடாமல் பிடித்துக் காத்திரு. அயோடின் தன் நிறத்திலேயே நின்றால் வடி.

கொதித்து இறங்கிய பிறகு கதையே வேறு. நெய்யாற்றின்கரைப் பக்கம் பனை ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறாய். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி என்கிற பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளுக்கு யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. பாளையிலும் காற்றிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருப்பவை தாமே வந்து வேலையைத் தொடங்கிவிடும். அது திறந்த வீட்டுச் சாப்பாடு, வந்தவர்க்கெல்லாம் இலை. பியர் அப்படியல்ல. ஒரே விருந்தாளி, அவர் வரும்வரை வேறு யாரும் பந்தியில் உட்காரக் கூடாது. அதனால்தான் கொதித்த நீரை விறுவிறுவென்று 20 டிகிரிக்கு இறக்கச் சொல்கிறேன். குழாய், மூடி, கரண்டி, உன் கை எல்லாம் மருந்து நீரில் முங்கி எழவேண்டும்.

வேகம் என்றால் அவசரம் இல்லை. நானும் ஒரு நாள் வெப்பமானியைப் பார்க்காமல், 45 டிகிரியில் ஈஸ்ட்டைக் கொட்டினேன். இரண்டு நாள் காத்திருந்தும் அசைவில்லை. மூன்றாம் நாள் தொட்டி முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஓடியது. நானும் பக்கத்திலேயே நின்றேன்.

உன் எட்டு மணி நேரம் ஒன்றுமே இல்லை. உலர் ஈஸ்ட் கண் விழிக்க ஒரு நாள்கூட ஆகும். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதே. நீ பார்க்கும்போது வேண்டாத விருந்தாளியும் பார்ப்பான். மூடி சரியாக உட்காராவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும். உள்ளே வேலை நடந்தாலும் குமிழி தெரியாது. மாதிரிக் குழாயின் வாயைச் சுத்தம் செய்து ஒரு குவளை பிடி, அடர்த்திமானியை மிதக்கவிடு. தொடங்கும்போது 1.050 என்றாயே, அது 1.046 ஆகியிருந்தால் ஈஸ்ட் வேலைக்கு வந்துவிட்டது. அளந்த நீரைத் திரும்ப ஊற்றாதே, குடித்துப் பார்.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது உன் தொட்டி பொங்கி அடங்கியிருக்கும். அடுத்த தடவை போன் போடும்போது குமிழி வந்ததா வரவில்லையா என்று சொல்லாதே. எண்ணைச் சொல்.

அன்புடன்,
மாமா