சிஸ்டத்தில் இல்லை, அலமாரியில் இருக்கலாம்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக நூலகத்தைக் கணினிமயமாக்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அட்டைப் பெட்டிகளை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். புத்தகம் எடுப்பதும் திருப்புவதும் இப்போது நிமிட வேலைதான். ஆனால், எம்.ஃபில். படித்தபோது நானே எடுத்துப் படித்த, ஔவையார் பாடல்கள் பற்றிய பழைய ஆய்வு நூல் ஒன்றைத் தேடினால் "முடிவுகள் இல்லை" என்று வருகிறது. கவுண்டரில் கேட்டால், "சிஸ்டத்துல காட்டலம்மா, அப்ப இல்ல" என்கிறார்கள். இது முன்னேற்றமா? வேறு மென்பொருள் போட்டால் சரியாகிவிடுமா, ஐயா?
– ஆய்வு மாணவி, தென்மாவட்டம்

பதில்: வேறு மென்பொருள் போட்டாலும் இதே பதில்தான் வரும். நம் பல்கலைக்கழகங்களில் அதிகம் காண்பவை இரண்டு. ஒன்று, காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையம் உருவாக்கிய சோல். மற்றது, நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா நூலகங்களுக்காக 1999-இல் எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா. இரண்டிலும் தமிழில் பதியலாம், தமிழில் தேடலாம். உள்ளே போட்டதைத்தான் அவை எடுத்துத் தரும். கோளாறு உள்ளே போட்ட விதத்தில்.

முதலில் இதைச் செய்து பாருங்கள். நீங்கள் அடிக்கும் 'ஔ' ஒரே எழுத்து. பதிவு செய்தவர் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்திருக்கலாம். திரையில் 'ஔவையார்', 'ஒளவையார்' இரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கோ வேறு வேறு சொற்கள். அதனால் இரண்டு விதமாகவும் தேடுங்கள். 'அவ்வையார்' என்றும் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தால் இன்னும் சிக்கல். சிலப்பதிகாரத்தின் முதல் எழுத்துக்கு ஒருவர் 'எஸ்' போடுவார், இன்னொருவர் 'சி' போடுவார், மூன்றாமவர் 'சிஎச்' போடுவார். 'ழ' வரும் தலைப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

இது எப்படி நேர்கிறது என்றால், பழைய நூல்களைக் கணினியில் ஏற்றும் வேலை பல இடங்களில் பதிவுக்கு இவ்வளவு காசு என்று ஒப்பந்தத்துக்குப் போகிறது. வருகிறவர்கள் புத்தகத்தைப் பிரிப்பதில்லை. அக்சஷன் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்துவிட்டுப் போகிறார்கள். ரிஜிஸ்டரில் இருப்பது சேர்க்கை எண், தலைப்பு, ஆசிரியர், விலை, எந்தக் கடையில் வாங்கியது, அவ்வளவுதான். அட்டைப் பெட்டியில் இருந்தது அதைவிட அதிகம். பொருள்வாரி அட்டைகள் இருந்தன. 'காண்க' அட்டைகள் இருந்தன: விருத்தாசலம் என்று தேடிப் போனவரைப் புதுமைப்பித்தனிடம் அனுப்பும், எஸ். ரங்கராஜனைத் தேடியவரைச் சுஜாதாவிடம் அனுப்பும். பட்டியல் பிரிவில் உட்கார்ந்தவர்கள் வருடக்கணக்காகச் சேர்த்த அறிவு அது. கணினிக்கு மாறும்போது முதலில் விடுபட்டது அதுதான்.

கணினியில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. மு.வ., மு. வரதராசன், வரதராசன் மு., டாக்டர் மு. வரதராஜன் என்று நாலு விதமாகச் சிதறிய பதிவுகளை ஒரே பெயரின் கீழ் கட்டிவைக்கும் பகுதி கோஹாவிலேயே உண்டு. ஒரே பதிவில் தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து இரண்டிலும் தலைப்பைத் தர, நூல்பதிவுக்கான மார்க் 21 முறையில் 880 என்ற புலம் இருக்கிறது. அதை நிரப்ப ஆள் வேண்டும், அவருக்குத் தமிழ் இலக்கியமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கவுண்டரில் வேலை குறைந்துவிட்டதென்று ஆட்களைக் குறைக்கும் நிர்வாகங்கள், அந்த வேலை பட்டியல் மேசைக்கு இடம் மாறியிருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்கான படிவத்தில் மென்பொருளின் பெயர் என்ன, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, முழுமையா பகுதியா என்று எழுதினால் போதும். பதிவு சரியாக இருக்கிறதா என்பதற்குக் கட்டம் இல்லை!

நன்மைகளை மறுக்கவில்லை. ஒரு நூல் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பும் என்பது நொடியில் தெரிகிறது. நோ டியூ சான்றிதழுக்கு அலைய வேண்டியதில்லை. விடுதியில் இருந்தபடியே தேடலாம். மாதக்கணக்கில் இழுத்த ஸ்டாக் வெரிஃபிகேஷன் வேலை பார்கோடு வந்தபின் எவ்வளவோ சுருங்கிவிட்டது.

எனக்கு இன்னொரு கவலை உண்டு. எந்த நூல் எத்தனை தடவை வெளியே போனது என்ற அறிக்கையை இப்போது ஒரு பொத்தானில் எடுக்கலாம். அதைப் பார்த்து "பத்து வருஷமா யாரும் எடுக்கல, கழிச்சுடலாம்" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் வாசிப்பறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டு மேசையிலேயே வைத்துப்போகும் நூல்கள் அந்தக் கணக்கில் வராது. பழைய தமிழ்ப் பதிப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் பயன்படுகின்றன. உள்ளே படித்ததையும் பதிவு செய்யும் வசதி கோஹாவில் இருக்கிறது. மேசையில் கிடக்கும் நூல்களை அடுக்குவதற்கு முன் பார்கோடைக் காட்டினால் ஆயிற்று. உங்கள் நூலகத்தில் அதைச் செய்கிறார்களா என்று கேளுங்கள்.

இனி உங்கள் நூல். பெயரை விட்டுவிட்டுப் பகுப்பெண்ணைப் பிடியுங்கள். எண்ணுக்கு எழுத்துப்பிழை தொல்லை குறைவு. டூயி முறை என்றால் தமிழ் இலக்கியம் 894.811, ரங்கநாதனின் கோலன் முறை என்றால் ஓ31. அதே பொருளில் பட்டியலில் அகப்படும் வேறொரு நூலின் எண்ணைக் குறித்துக்கொண்டு நேரே அந்த அலமாரிக்குப் போய் இரு பக்கமும் பாருங்கள். கிடைத்தால் உள்ளே முத்திரையில் இருக்கும் சேர்க்கை எண்ணோடு, சரியான தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் சீட்டில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். கவுண்டரில் வேண்டாம், நூலகரிடமே கொடுங்கள். திருத்த அவருக்குச் சில நிமிடம் போதும்.

அலமாரியிலும் இல்லையென்றால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெட்டிகளைத் திறக்க அனுமதி கேளுங்கள். அட்டை கிடைத்தால் சேர்க்கை எண் கிடைக்கும், அதை வைத்துக் கணினியில் தேடலாம். அந்தப் பெட்டிகளைப் பழைய சாமானோடு ஏலம் விடும் யோசனை இருந்தால், முழுவதும் ஒப்பிட்டு முடிக்கும்வரை நிறுத்திவைக்கச் சொல்லி உங்கள் துறைத்தலைவர் மூலம் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கணினிப் பட்டியல் முடங்கினால் கைகொடுப்பவை அந்த அட்டைகள்தான்: 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தின் முதன்மைப் பட்டியல், தேடிப் பார்க்கும் அளவுக்காவது திரும்பி வந்தது அடுத்த ஜனவரியில்தான். இதையும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.