கண்ணாடி மாட்டினால் புரியுமா?

மாமியாருக்கு மறதி நோய். வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடியைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி மாட்டிப் பார்த்தால் அவர் நிலைமை புரியும் என்கிறார்களே, நிஜமா?
– ஒரு வாசகி, கரூர்

நிஜம்தான். பிரிட்டனின் அல்சைமர்ஸ் ரிசர்ச் யுகே அமைப்பு 2016-லேயே இதற்கென்று ஒரு செயலி வெளியிட்டது. கடை, தெரு, வீடு என மூன்று காட்சிகள். டீ போடப் போன இடத்தில், யாருக்கு எப்படிப் போட வேண்டும் என்று தெரியாமல் நீங்களே திணறுவீர்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். செல்போனைச் செருகும் அட்டைக் கண்ணாடி போதும். தலை சுற்றலாம், உட்கார்ந்தே பாருங்கள்.

உங்கள் மாமியார் செய்வது அடமே இல்லை. கறுப்பு மிதியடி அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியலாம். பள்ளத்தில் கால் வை என்றால் நீங்கள் வைப்பீர்களா? இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். அப்புறம், கண்ணாடியை உங்கள் வீட்டுக்காரருக்கும் மாட்டிவிடுங்கள். "அம்மா வேண்டுமென்றே செய்கிறாள்" என்பவர் அவராகத்தான் இருக்கும்!