காருக்கும் மூச்சு உண்டு!

நம் இயற்பியல் பாடத்தில் "வெப்பநிலை கூடினால் வாயுவின் அடர்த்தி குறையும்" என்று படித்தோம். அந்த ஒரு வரி எங்கள் அண்ணனின் இருபதாயிரம் ரூபாயைக் காப்பாற்றிய கதையை இங்கே எழுதுகிறேன்.

பெரியப்பா மகன் பழைய ஹோண்டா சிட்டி விடெக் கார் ஒன்றை வாங்கினான். 1500 சிசி இன்ஜின். கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக, காற்று உறிஞ்சும் பைப்பும் கூம்பு வடிவ ஃபில்டரும் சேர்ந்த கிட் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தான். மெக்கானிக்கான எங்கள் மாமா, "வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கலாம் கண்ணு" என்றார்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு இழுக்கும். 1.5 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் 3000 × 1.5 = 4500 லிட்டர் காற்று, அதுவும் ஒரே நிமிடத்தில்! ஆக, எவ்வளவு காற்று போகிறது என்பதோடு எப்படிப்பட்ட காற்று போகிறது என்பதும் முக்கியம்.

சந்தையில் கிடைப்பவை மூன்று வகை:

1. கம்பெனி பெட்டிக்குள்ளேயே மாற்றிப் போடும் ஃபில்டர். விலை குறைவு. பஞ்சுத்துணி வகையைக் கழுவி, எண்ணெய் தடவி மீண்டும் போடலாம். எண்ணெய் அதிகமானால், சில கார்களில் உள்ள காற்று அளக்கும் சென்சாரில் படிந்து தப்புக் கணக்கு காட்டும்.

2. குட்டை பைப், கூம்பு ஃபில்டர். சத்தம் கம்பீரமாக இருக்கும். ஆனால் மறைப்பு இல்லாவிட்டால் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே குடிக்கும்.

3. நீள பைப். பம்பர் பக்கம் இறங்கிக் குளிர்ந்த காற்றை எடுக்கும். ஆபத்து, மழைத்தண்ணீர்.

இரண்டாவது வகைதான் அண்ணனுக்குப் பிடித்தது. ஏசி சோதிக்கும் தெர்மாமீட்டரை, கூம்பு வரவேண்டிய இடத்தில் கட்டினோம். டிராஃபிக்கில் ஊர்ந்துபோய் வந்து பார்த்தால் 58 டிகிரி! வெளியே 33 டிகிரிதான். கெல்வினில் மாற்றினால் 331, 306. 306-ஐ 331-ஆல் வகுத்தால் 0.924. அதாவது, அழுத்தம் மாறாதபோது அதே ஒரு லிட்டரில் ஏறக்குறைய 7.5 சதவீதம் காற்று குறைவு. வேகமாக ஓடும்போது வித்தியாசம் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "காசு கொடுத்து சூட்டை வாங்கறதா?" என்று அண்ணன் தலையில் கை வைத்தான்.

"அப்ப நீள பைப் போட்டுடலாமா மாமா?" என்று கேட்டேன். மாமா ஒன்றும் பேசாமல் ஆணியில் தொங்கிய வளைந்த கனெக்டிங் ராடைக் காட்டினார். பம்பருக்குள் ஃபில்டர் வைத்த ஒரு வண்டி, முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கியதாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்ட, இரும்புக் கம்பி வளைந்துவிட்டது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் இப்படிப் பல கார்களின் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீரில் நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது என்று மாமா அழுத்திச் சொன்னார்.

கடைசியில் அண்ணன் முதல் வகையையே எடுத்தான். பெட்டியின் ரப்பர் ஓரம் கிழிந்திருந்தது, அதையும் மாற்றினோம். அந்தக் கிழிசல் வழியாகத்தான் தூசு போய்க்கொண்டிருந்தது. தூசு உள்ளே போனால் சிலிண்டர் சுவர் தேயும். மிச்சப் பணத்தில் புது டயரும் பிரேக் பேடும் வாங்கினான். "சத்தம்தான் வரல" என்று அவனுக்கு இன்னும் கொஞ்சம் குறைதான். "சத்தம் கூடினா சக்தி கூடின மாதிரி தோணும், அவ்வளவுதான்" என்றார் மாமா.

நினைவில் கொள்க:
* காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்.
* தண்ணீர் எட்டும் இடமா என்று பார்.
* ஃபில்டர் தூசைத் தடுக்கிறதா என்று பார்.
* சத்தத்தைக் கடைசியில் பார்.

சிந்திக்க: வெளியே 20 டிகிரி, பானெட்டுக்குள் 58 டிகிரி என்றால் எத்தனை சதவீதம் காற்று குறையும்? கெல்வினில் மாற்ற மறக்காதீர்கள். விடையோடு என்னை வகுப்பில் பாருங்கள்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவன்