ஸ்கேன் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், மூச்சையும் பாருங்கள்



2021 மே மாதத்தை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. கொரோனாவின் இரண்டாம் அலையில் நம் தெருக்களில் பலர் சி.டி. ஸ்கேன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "வாப்பாவுக்கு ஸ்கோர் 14ன்னு போட்டிருக்கு, பயப்படணுமா?" என்று நம்மிடம் கேட்டார்கள். எண்ணைப் பார்த்தே சில வீடுகள் கலங்கிப்போயின. வேறு சில வீடுகளில் "5தானே" என்று அசட்டையாக இருந்துவிட்டு, மூச்சு திணறிய பிறகு ஓடினார்கள். கடுமையான வைரஸ் காய்ச்சல் நாளையும் வரலாம். அதனால் அந்த அறிக்கையைப் படிக்க இப்போதே கற்றுக்கொள்வோம்.

படத்தில் என்ன தெரிகிறது?

நல்ல நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும். காற்று ஸ்கேன் படத்தில் கறுப்பாகத் தெரியும். வைரஸ் காற்றுப் பைகளைத் தாக்கும்போது அவற்றில் நீர் கசிந்து, சுவர்கள் வீங்குகின்றன. அந்த இடம் குளியலறை ஜன்னலின் மங்கல் கண்ணாடிபோல் வெளிறித் தெரியும். இதைத்தான் அறிக்கையில் 'கிரவுண்ட் கிளாஸ் ஒபாசிட்டி' என்று எழுதுகிறார்கள். அந்த மங்கலுக்கு ஊடே இரத்தக் குழாய்கள் தெரியும். பைகள் முழுவதும் நிரம்பிவிட்டால் அந்த இடம் கெட்டியான வெள்ளையாகி, குழாய்கள் மறைந்துவிடும். அதற்குப் பெயர் 'கன்சாலிடேஷன்'.

கொரோனாவில் இந்த மாற்றம் பெரும்பாலும் இரண்டு பக்கமும், ஓரங்களிலும், கீழ்ப்பகுதியிலும், முதுகுப் பக்கத்திலும் காணப்பட்டது. ஆனால் 2009இல் பரவிய எச்1என்1 போன்ற காய்ச்சல்களிலும் இதே மங்கல் வரும். எந்தக் கிருமி என்பதைப் படம் மட்டும் உறுதி செய்யாது. அதற்குச் சளி மாதிரிப் பரிசோதனை வேண்டும்.

25 என்பது எப்படி வந்தது?

வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு, ஆக ஐந்து. ஒவ்வொரு மடலும் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார்கள். 5 சதவீதத்துக்கும் குறைவான பாதிப்புக்கு 1, 75 சதவீதத்தைத் தாண்டினால் 5. எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 25. எனவே 14 என்றால் நுரையீரலில் பரவல் நடுத்தரம் என்று பொருள். அது உயிருக்கு எழுதிய தீர்ப்பு அல்ல.

எந்த நாளில் எடுத்த படம்?

பலரும் கேட்கத் தவறும் கேள்வி இது. அறிகுறி தொடங்கிய முதல் இரண்டு நாட்களில் எடுத்தால் படம் சுத்தமாகவே இருக்கலாம். மாற்றங்கள் பொதுவாகப் பத்தாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லக் குறையும். மூன்றாம் நாளில் 5 என்றால் இன்னும் ஏறக்கூடும், விழிப்பாக இருக்க வேண்டும். பதின்மூன்றாம் நாளில் 5 என்றால் பெரும்பாலும் இறங்குமுகம். நோயாளி தேறிய பிறகும் நிழல் பல வாரங்கள் படத்தில் தங்கலாம். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஸ்கேன் சொல்லாததைச் சொல்லும். நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலில், கை சூடாக இருக்கும்போது, சற்று நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அளவு 94க்குக் கீழே போனால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். 90க்குக் கீழே என்றால் கடுமையான நிலை, தாமதமே கூடாது. பேசும்போதே மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, பெரியவர்கள் திடீரெனக் குழம்பிப் பேசுவது ஆகியவற்றுக்கு எந்த எண்ணுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

பயத்தில் நாமாகப் போய் ஸ்கேன் எடுப்பதும் சரியல்ல. ஒரு மார்பு சி.டி.யின் கதிர்வீச்சு பல பத்து எக்ஸ்ரேக்களுக்குச் சமம். மருத்துவர் கேட்டால் மட்டும் எடுப்போம். எடுத்த படத்தைப் பத்திரமாக வைப்போம். அடுத்த முறை ஒப்பிட அது உதவும்.

அறிக்கை கையில் வந்ததும் இந்த மூன்றையும் கேளுங்கள்: இன்று நோயின் எத்தனையாவது நாள்? ஆக்ஸிஜன் எவ்வளவு? மூச்சு எப்படி இருக்கிறது? இவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் ஸ்கோருக்குப் பொருள் உண்டு.